ஏர் பிஸ்டலுக்கு உங்கள் கைக்கேற்ற மரக் கைப்பிடி செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

டர்பனில் எங்களோடு 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழக வருகிறவர்கள் முதலில் ட்ரிக்கரைப் பற்றிக் கேட்பார்கள். அப்புறம் குறிகாட்டியைப் பற்றி. கைப்பிடியைப் பற்றி ஆறு மாதம் கழித்துத்தான் பேச்சு வரும். அதற்குள் தவறான பிடிக்குக் கை பழகிப் போயிருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். குழலின் முன்முனையில் நிற்கும் முன்குறிக்கும், பின்னால் பிளவோடு இருக்கும் பின்குறிக்கும் நடுவே சுமார் 340 மி.மீ. இருக்கும் பிஸ்டலில், முன்குறி பின்குறியின் பிளவுக்குள் 1 மி.மீ. பக்கவாட்டில் விலகினால், 10 மீட்டருக்கு அப்பால் குண்டு ஏறக்குறைய 29 மி.மீ. தள்ளி விழும். பத்து வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ. தான். அதாவது அந்த 1 மி.மீ. பத்தை ஏழாக்கிவிடும். அந்த விலகலை ஒவ்வொரு சுடலிலும் மணிக்கட்டால் திருத்திக்கொண்டே இருப்பவர் 60 சுடலை ஒரே மாதிரி முடிக்க முடியாது. கண்ணை மூடிக் கையைத் தூக்கி, கண்ணைத் திறந்தால் குறி தானாக நேராக நிற்க வேண்டும். அதற்காகத்தான் கைப்பிடி செய்கிறோம். கைக்கு மெத்தென்று இருப்பது அதற்கு அடுத்தது.

இந்த வழிகாட்டி 4.5 மி.மீ. போட்டி ஏர் பிஸ்டலின் கைப்பிடிக்கு மட்டும். தென்னாப்பிரிக்காவில் 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்த வகை ஏர் பிஸ்டலைத் துப்பாக்கியாகக் கணக்கில் எடுப்பதில்லை. வெடிமருந்துத் தோட்டா சுடும் .22 பிஸ்டல் அப்படியல்ல, அதற்கு உரிமம் வேண்டும். எதுவாக இருந்தாலும் குழல், ட்ரிக்கர், வால்வு போன்ற உலோக வேலை பதிவு பெற்ற துப்பாக்கித் தொழிலாளியுடையது. நாம் தொடப்போவது மரத்தை மட்டும்.

1. விதியின் அளவுகளை முதலில் எழுதி ஒட்டுங்கள்

மரத்தை வாங்கும் முன்பே இதைச் செய்யுங்கள். முடித்த பிறகு அளந்து பார்த்து, பெட்டிக்குள் போகாத கைப்பிடியோடு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சர்வதேச விதிப்படி, பிஸ்டல் எல்லா இணைப்புகளோடும் 420 x 200 x 50 மி.மீ. உள்ளளவு கொண்ட பெட்டிக்குள் போக வேண்டும். மொத்த எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. ட்ரிக்கர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். இதில் நமக்கு முக்கியம் அந்த 50 மி.மீ. தான். கட்டைவிரல் படுத்திருக்கும் மேடையும், மறுபக்கத்தில் உள்ளங்கைக் குழியை நிரப்பும் புடைப்பும் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும். ஒரு பக்கம் தாராளமாக விட்டால் மறுபக்கம் இடம் இருக்காது.

வடிவத்துக்கும் விதி உண்டு. உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தாங்கும் தட்டு கைப்பிடியோடு 90 பாகைக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும். தட்டோ கட்டைவிரல் மேடையோ மேல்நோக்கி வளையக் கூடாது. கட்டைவிரலுக்கு எதிர்ப்பக்கம் கீழ்நோக்கி வளையக் கூடாது. கையைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் எதுவும் கூடாது. மணிக்கட்டு வெளியே தெரிய வேண்டும், அதைக் கைப்பிடியின் எந்தப் பகுதியும் தொடக் கூடாது.

இதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதி வேலை மேசைக்கு மேலே ஒட்டுங்கள். அரம் கையில் இருக்கும்போது விதி மறந்துபோகும்.

2. பிஸ்டலைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவாருங்கள்

குண்டறை காலியா என்று கண்ணால் பாருங்கள். காற்று உருளையைக் கழற்றித் தனியாக வையுங்கள். அதற்குள் 200 பார் அழுத்தம் இருக்கிறது, பட்டறை மேசையில் அதற்கு வேலை இல்லை. எடுத்த கையோடு உருளையின் மேல் பொறித்திருக்கும் காலாவதித் தேதியையும் பாருங்கள். பலர் போட்டியன்று காலையில்தான் அதைக் கவனிக்கிறார்கள்.

பிறகு பழைய கைப்பிடியைக் கழற்றுங்கள். ஸ்டெய்ர், மொரினி, பர்தினி, வால்தர் என்று ஒவ்வொன்றிலும் திருகு இருக்கும் இடம் வேறு. கழற்றும் முன் செல்பேசியில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கைப்பிடியில் கைவைக்காதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது கடைசிவரை வேண்டும். புதியது கெட்டுப்போனால் அடுத்த வாரப் பயிற்சிக்கும் அதுதான்.

3. கையை அளப்பது: நின்றுகொண்டு, கையை நீட்டி

எல்லோரும் தவறுகிற இடம் இது. உட்கார்ந்து, கையை மேசைமேல் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அளவெடுப்பார்கள். நீட்டிய கையில் உள்ளங்கையின் வடிவமே வேறு. தோளிலிருந்து கை நேராக நீளும்போது கட்டைவிரலின் அடிச்சதை இறுகும், மணிக்கட்டு சற்றுக் கீழே பூட்டிக்கொள்ளும், சுண்டுவிரல் பக்கத்துச் சதை பின்னால் நகரும்.

அதனால் குழைத்த களிமண் உருண்டை ஒன்றைப் பழைய கைப்பிடியின் அளவுக்கு நீளவாக்கில் உருட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் விளையாடும் மாவுக் களிமண்ணே போதும். சுடும் நிலையில் நின்று, கையை நீட்டி, பிஸ்டலைப் பிடிக்கிற அதே அழுத்தத்தில் அதைப் பிடியுங்கள். பத்து நொடி. விட்டுவிட்டுப் பாருங்கள். எங்கே ஆழமாகப் பதிந்திருக்கிறது, எங்கே பதியவே இல்லை என்று தெரியும். அதைக் காயவைத்துப் பத்திரப்படுத்துங்கள்.

அளவெடுக்கும் நேரமும் முக்கியம். டர்பனில் பிப்ரவரி மாதத்துப் பிற்பகலில் கை வீங்கியிருக்கும். ஜூலை காலையில் அதே கை ஒரு சுற்று சின்னதாக இருக்கும். அரைமணி நேரம் பயிற்சி செய்து கை சூடான பிறகு அளவெடுங்கள். போட்டியில் முக்கால்வாசி நேரம் உங்கள் கை அந்த நிலையில்தான் இருக்கப் போகிறது.

4. மரம்

வால்நட் கிடைத்தால் நல்லது, விலைதான் அதிகம். இங்கே நான் புதியவர்களுக்குச் சொல்வது கியாட். ஜூலு மொழியில் உம்வங்காசி. நம் ஊர் வேங்கையின் இனத்தைச் சேர்ந்தது, வெட்டினால் வேங்கையைப் போலவே சிவந்த பால் வடியும். அரத்துக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். காய்ந்த பிறகு அதிகம் சுருங்கவோ உப்பவோ செய்யாது. இந்தக் கடலோரக் காற்றில் அந்தக் குணம் பெரிய விஷயம்.

காட்டு ஒலிவ மரம் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கல் மாதிரி கனமும் கடினமும். முதல் கைப்பிடிக்கு வேண்டாம். தாம்போட்டி என்ற மரம் எந்தக் கைப்பிடிக்கும் வேண்டாம். தில்லை மரத்தின் பால் கண்ணைக் கெடுக்கும் என்று நம் பெரியவர்கள் எச்சரிப்பார்கள் இல்லையா, தாம்போட்டியும் தில்லையும் ஒரே குடும்பம். அதன் தூளும் கண்ணையும் தோலையும் எரிக்கும். வியர்த்த கையில் மணிக்கணக்காகப் பிடித்திருக்க வேண்டிய பொருளுக்கு அது ஆகாது.

கியாட் தூளும் சிலருக்கு மூக்கையும் மூச்சையும் தொந்தரவு செய்யும். முகக்கவசம் இல்லாமல் தேய்க்காதீர்கள்.

கிளேர்வுட், ஜேக்கப்ஸ் பக்கத்துத் தச்சுப் பட்டறைகளில் கேட்டால் மேசைக்கால் செய்து மீந்த துண்டுகள் கிடைக்கும். 150 மி.மீ. நீளம், 120 மி.மீ. அகலம், 50 மி.மீ. தடிமன் போதும். முடிச்சும் விரிசலும் இல்லாத துண்டாகப் பாருங்கள். மர இழை கைப்பிடியின் நீளவாக்கில், மேலிருந்து கீழாக ஓட வேண்டும். இழை குறுக்கே ஓடினால் உலோகச் சட்டத்தைச் சுற்றி இருக்கும் மெல்லிய சுவர் திருகை இறுக்கும்போதே பிளந்துவிடும்.

வாங்கி வந்ததும் அறுக்காதீர்கள். வீட்டுக்குள், நீங்கள் வழக்கமாகப் பிஸ்டலை வைக்கும் அறையிலேயே மூன்று வாரம் கிடக்கட்டும். அந்த அறையின் ஈரப்பதத்துக்கு மரம் பழகிய பிறகுதான் குழி வெட்ட வேண்டும். இல்லையென்றால் இன்று கச்சிதமாக வெட்டிய குழி அடுத்த மாதம் ஆடும்.

5. கருவிகள்

பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். 6 மற்றும் 12 மி.மீ. உளிகள், ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் வளைவுமான மர அரம், எலிவால் அரம், நல்ல வைஸ், 80, 120, 240 எண் உப்புத்தாள், அளவுகோல், இரண்டு பாகம் கலக்கும் எபாக்சிப் பசை, பிசைந்து வைத்து இடைவெளியை அடைக்கும் எபாக்சிப் பட்டி. பட்டிக்கு இங்கே எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கிற பிராட்லி போதும். கையுறை போட்டுத்தான் அதைப் பிசைய வேண்டும், சிலருக்குத் தோல் தடித்துவிடும்.

இன்னொன்று, ஒரு கண் மைக் குச்சி. எதற்கு என்று இதோ சொல்கிறேன்.

6. உட்குழி: வெளியே ஒரு கீறல்கூடப் போடும் முன்

வெளி வடிவத்தை முதலில் செதுக்கிவிட்டு, கடைசியில் உள்ளே குழி வெட்டுகிறவர்கள் அத்தனை பேரும் மரத்தை வீணாக்குகிறார்கள். காரணம் எளிது. குழி வெட்டும்போது அரை மி.மீ. சாய்ந்தாலும் பிஸ்டல் முழுவதும் சாயும். வெளியே சதுரமாக இருக்கும் வரை அந்தச் சாய்வை அளக்கலாம், திருத்தலாம். வெளியே வளைந்த பிறகு எதை வைத்து அளப்பது?

துண்டை நடுவில் நீளவாக்கில் இரண்டாக அறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு உள்முகங்களையும் இழைப்புளியால் சமமாக்குங்கள். பிஸ்டலில் கைப்பிடி மாட்டும் உலோகப் பகுதியின் வடிவத்தை இரண்டு பாதியிலும் கண்ணாடிப் பிம்பமாக வரையுங்கள். இப்போது ஒவ்வொரு பாதியிலும் உளியால் பாதி ஆழம் வெட்டினால் போதும். ஒரே துண்டில் ஆழமான பொந்து குடைவதைவிட இது நூறு மடங்கு எளிது. ஒட்டிய கோடு பிஸ்டலின் நடுக்கோடாகவே அமைவதால், பின்னால் அளவெடுக்கவும் உதவும்.

இங்கேதான் கண் மை. உலோகப் பகுதியின்மேல் மெல்லியதாக மை பூசுங்கள். மரத்தில் பொருத்தி லேசாக அழுத்தி எடுங்கள். எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அந்த இடம் உயர்ந்திருக்கிறது. அங்கே மட்டும் உளியால் ஒரு மெல்லிய சீவல் எடுங்கள். மறுபடி மை, மறுபடி பொருத்து, மறுபடி சீவல். முப்பது நாற்பது தடவை ஆகும். தொடக்கத்தில் இரண்டு மூன்று கரும்புள்ளிகள்தான் தெரியும், போகப் போகப் புள்ளிகள் பெருகிக் குழியின் அடிமுழுவதும் சாம்பல் பூத்த மாதிரி ஆகும். அப்போது நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு சீவல் எடுத்தாலும் தளர்ந்துவிடும்.

பல பேர் பத்தாவது தடவையிலேயே பொறுமை இழந்து, "மிச்சத்தைப் பட்டி வைத்து அடைத்துக்கொள்ளலாம்" என்று தாராளமாகத் தோண்டிவிடுகிறார்கள். பட்டி இடைவெளியை நிரப்பும், உண்மைதான். ஆனால் மரம் உலோகத்தை நேராகத் தாங்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு: பின்பக்க மேல்முனை, திருகு இறுக்கும் அடிப்பகுதி. அங்கே மட்டுமாவது மரமே உலோகத்தில் உட்கார வேண்டும்.

பிறகு இரண்டு பாதியையும் எபாக்சியால் ஒட்டி, வைஸில் இறுக்கி ஒரு நாள் முழுக்க விடுங்கள். உள்ளே பசை வழிந்தால் காயும் முன் துடைத்தெடுங்கள். திருகுத் துளையை ஒட்டிய பிறகு போடுவதுதான் சரி. முதலிலேயே போட்டால் இரண்டு பாதியின் துளையும் அரை மி.மீ. விலகித் திருகு சாய்ந்து போகும்.

7. சாய்வுக் கோணம்

இப்போது ஒரு மரக்கட்டை பிஸ்டலில் அசையாமல் நிற்கிறது. வெளியே வேலையைத் தொடங்கலாம். முதலில் பழைய கைப்பிடியின் வெளிக்கோட்டைப் பக்கவாட்டில் வரைந்து, அதைவிட எல்லாப் பக்கமும் 4 மி.மீ. கூடுதலாக விட்டு அறுத்துக்கொள்ளுங்கள். கூர்முனைகளை அரத்தால் மழுக்குங்கள். பிடிக்க முடிகிற அளவுக்கு வந்தால் போதும்.

ஒரு வெற்றுச் சுவரைப் பார்த்து நில்லுங்கள். கண்ணை மூடி, கையைத் தூக்கி, இரண்டு மூச்சு விட்டு, கண்ணைத் திறந்து குறியைப் பாருங்கள். பத்து தடவை செய்து, ஒவ்வொரு தடவையும் முன்குறி எங்கே நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். கண்ணைத் திறந்ததும் கை தானாகத் திருத்தப் பார்க்கும். திருத்தும் முன் கண்ட நிலைதான் கணக்கு.

முன்குறி பிளவுக்கு மேலே தூக்கி நின்றால், கைப்பிடியின் பின்பக்கக் கீழ்ப்பகுதியில், அதாவது உள்ளங்கையின் அடிச்சதை படும் இடத்தில், மரம் அதிகம். அங்கே குறையுங்கள். முன்குறி பிளவுக்குள் தாழ்ந்து மறைந்தால் அங்கே சேர்க்க வேண்டும்.

பக்கவாட்டு விலகலும் இப்படித்தான். வலது கைக்காரருக்கு முன்குறி இடது பக்கம் ஒதுங்கி நின்றால், வலப்பக்கப் பின்புறத்தில் உள்ளங்கை அடி படும் இடத்தில் சேர்க்க வேண்டும், அல்லது இடப்பக்கம் கட்டைவிரலின் அடிச்சதை படும் இடத்தில் குறைக்க வேண்டும். வலது பக்கம் ஒதுங்கினால் இதற்கு நேர்மாறு. இடது கைக்காரர்கள் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பது போல மாற்றிக்கொள்ளுங்கள்.

போன வருடம் டர்பனின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பிடி நன்றாகத்தான் இருந்தது. "அங்கிள், கைக்கு அவ்வளவு நல்லா இருக்கு, ஆனா எல்லாம் இடது பக்கமே போகுது" என்றாள். குறிகாட்டியின் திருகைத் திருப்பித் திருப்பி வலது கோடிக்கே கொண்டுபோயிருந்தாள். குறிகாட்டியை நடுவுக்குக் கொண்டுவந்து, கண்ணை மூடித் தூக்கச் சொன்னேன். பத்தில் ஒன்பது தடவை முன்குறி இடப்பக்கம் ஒட்டி நின்றது. உள்ளங்கை அடியில் ஒரு ரூபாய்த் தாளை எட்டாக மடித்த தடிமனுக்குப் பட்டி வைத்தோம். மறுநாள் தூக்கும்போது குறி நடுவில் நின்றது. "இவ்வளவுதானா அங்கிள்?" என்று கேட்டாள். இவ்வளவுதான். ஆனால் அந்த இடம் எது என்று கண்டுபிடிக்காமல் மூன்று மாதம் குறிகாட்டியோடு போராடியிருக்கிறாள்.

8. வெளிச்செதுக்கல்: இந்த வரிசையை மாற்றாதீர்கள்

முதலில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள வளைவு உட்காரும் பள்ளம். கை எவ்வளவு உயரத்தில் உட்காரும் என்பதை இதுதான் முடிவு செய்கிறது. குழலுக்கு எவ்வளவு அருகில் கை ஏறுகிறதோ அவ்வளவுக்குக் குலுங்கல் குறையும். கை ஏறியதும் மற்ற எல்லா விரலின் இடமும் மாறும். விரல் பள்ளங்களை முதலில் வெட்டியவர், பிறகு இந்த வளைவை 3 மி.மீ. ஆழமாக்கினால், விரல் பள்ளங்கள் அத்தனையும் 3 மி.மீ. தப்பிப் போகும்.

இரண்டாவது உள்ளங்கைப் புடைப்பு. களிமண் அச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செதுக்குங்கள். உள்ளங்கைக் குழியை மரம் நிரப்ப வேண்டும், ஆனால் முட்டக் கூடாது. உள்ளங்கையில் கண் மையை மெல்லியதாகத் தேய்த்து, சுடும் நிலையில் பிடித்துவிட்டு எடுத்தால், மரத்தில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியும். மரம் கறுத்திருந்தால் சாக்பீஸ் தூள். ஒரே இடத்தில் அழுத்தமாக ஒட்டியிருந்தால் அங்கே சதை நசுங்குகிறது, அரைமணி நேரத்தில் அந்த இடம் மரத்துப் போகும்.

மூன்றாவது முன்பக்கம். பிஸ்டலைப் பிடிப்பது நடுவிரலும் மோதிர விரலும்தான். அழுத்தம் முன்னாலிருந்து நேராகப் பின்னால் போக வேண்டும். சுண்டுவிரல் சும்மா இருக்கட்டும். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக ஆழமான பள்ளம் வெட்ட ஆசைப்படாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் விரல் வீங்கினாலும் சுருங்கினாலும் பள்ளத்தின் வரப்பில் ஏறி உட்காரும். நடுவிரலுக்கு மேலே, ட்ரிக்கர் காப்புக்குக் கீழே ஒரே ஒரு தெளிவான படி போதும்.

நான்காவது ஆள்காட்டி விரலின் பாதை. இந்த விரல் ட்ரிக்கரைத் தவிர எதையும் தொடக் கூடாது. மரத்துக்கும் விரலுக்கும் நடுவே 2 மி.மீ. வெளிச்சம் தெரிய வேண்டும். விரலின் அடிப்பகுதி மரத்தில் உரசினால், ட்ரிக்கரை இழுக்கும்போது பிஸ்டலையும் சேர்த்தே தள்ளுவீர்கள்.

கட்டைவிரல் மேடை கடைசி. கட்டைவிரல் அதன்மேல் படுத்திருக்கும், அழுத்தாது. மேடையை மெல்லியதாக்காதீர்கள், மர இழை அங்கே குறுக்கே வருவதால் கீழே விழுந்தால் முதலில் உடைவது அதுதான். இந்தக் கட்டத்தில் 50 மி.மீ. அகலத்தை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணை மூடும் சோதனையை மறுபடி செய்யுங்கள். பாதி மி.மீ. எடுத்தால் குறி எங்கே நகர்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த அரத்தைப் போடுங்கள்.

9. பட்டி வைத்து நுணுக்கம் பார்ப்பது

அதிகம் எடுத்துவிட்டீர்களா, பரவாயில்லை. பட்டி வைக்கப்போகும் இடத்தை 80 எண் உப்புத்தாளால் கரடுமுரடாக்குங்கள், வழுவழுப்பான மரத்தில் பட்டி ஒட்டாது. பட்டியைப் பிசைந்து வைத்து, மேலே சமையலறையில் உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, சுடும் நிலையில் நின்று கையை நீட்டிப் பிடியுங்கள். பிடித்த கையை ஆட்டாமல் மெல்ல எடுங்கள். கையின் வரிகள்கூடப் பதிந்திருக்கும். நன்றாக இறுகிய பிறகு அரத்தால் சீராக்குங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு இடத்தில் மட்டும் வையுங்கள். இரண்டு இடத்தில் ஒன்றாக வைத்தால் எது குறியை நகர்த்தியது என்று தெரியாமல் போகும்.

10. உள்ளங்கைத் தட்டு

தட்டைத் தனித் துண்டாகச் செய்து, நீள்துளையில் இரண்டு திருகு போட்டு, மேலும் கீழும் நகர்கிற மாதிரி பொருத்துங்கள். ஒரே துண்டாகச் செதுக்கியவர்கள் கோடையில் ஒரு கைப்பிடியும் குளிர்காலத்தில் ஒரு கைப்பிடியும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

தட்டை இறுக்கமாக மேலே தள்ளுவதுதான் புதியவர்களின் பெரிய தவறு. பிஸ்டல் கையோடு பூட்டிய மாதிரி இருக்கும், முதல் பத்து சுடல் பிரமாதமாகப் போகும். 60 சுடலுக்கு 75 நிமிடம். நாற்பதாவது சுடலில் கை வீங்கி, ரத்த ஓட்டம் தடைபட்டு, நாடித் துடிப்பு முன்குறியில் தெரியும். அதனால் கை சூடாக இருக்கும்போது தட்டைச் சதையில் படும்வரை ஏற்றி, அப்புறம் 1 மி.மீ. இறக்கி இறுக்குங்கள். அந்த நிலையை மரத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள்.

11. சுட்டுப் பார்ப்பது

முதல் வாரம் குண்டு இல்லாமல் பழகுங்கள். உலர் பயிற்சிக்கென்று ஏர் பிஸ்டல்களில் இருக்கும் அமைப்பைப் பயன்படுத்துங்கள். ட்ரிக்கர் விழும் நொடியில் முன்குறி எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பாருங்கள்.

அடுத்து, குறிகாட்டியைத் தொடாமல், பத்துப் பத்தாக மூன்று தொகுதி சுடுங்கள். ஒவ்வொரு சுடலுக்கும் நடுவே பிஸ்டலை மேசையில் வைத்துக் கையை முழுதாக எடுத்துவிட்டு மறுபடி பிடியுங்கள். கைப்பிடி சரியாக இருந்தால் குண்டுத் துளைகளின் தொகுதி வட்டமாக இருக்கும். அது எங்கே விழுகிறது என்பது இப்போது முக்கியமில்லை, குறிகாட்டியால் நகர்த்திக்கொள்ளலாம். தொகுதி மேலும் கீழுமாக நீண்டிருந்தால் கை ஒவ்வொரு தடவையும் வேறு உயரத்தில் உட்காருகிறது, மேல் வளைவைப் பாருங்கள். பக்கவாட்டில் நீண்டிருந்தால் நான் முதலில் பார்ப்பது ஆள்காட்டி விரலின் பாதை, அடுத்தது உள்ளங்கைப் புடைப்பு.

ஒரே நாளில் மூன்று திருத்தம் செய்யாதீர்கள். ஒரு திருத்தம், இரண்டு நாள் பயிற்சி, அப்புறம் அடுத்தது. சோர்ந்த கை தவறான இடத்தைக் காட்டும்.

12. மேற்பரப்பும் எண்ணெயும்

வடிவம் முடிவானது என்று இரண்டு வாரம் சுட்டுத் தெரிந்த பிறகே இந்த வேலை. வார்னிஷ் வேண்டாம், வியர்த்த கையில் வழுக்கும். ஆணியின் முனையை மழுக்கி, சுத்தியலால் மெல்லத் தட்டி, உள்ளங்கையும் நடுவிரலும் படும் இடங்களில் நெருக்கமாகப் புள்ளி குத்துங்கள். கட்டைவிரல் மேடையையும் விரலிடை வளைவையும் வழுவழுப்பாகவே விடுங்கள், அங்கே சொரசொரப்பு இருந்தால் தோல் உரியும்.

ஆளிவிதை எண்ணெயைத் துணியால் மெல்லத் தடவி, பதினைந்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மூன்று நாள், மூன்று பூச்சு. உட்குழிக்குள்ளும் பூசுங்கள். பலர் வெளியே மட்டும் பூசுகிறார்கள், ஈரம் உள்பக்கமாக ஏறி மரம் உப்பிவிடும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது தானாகச் சூடேறும், சுருட்டிய துணி தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவையுங்கள்.

13. ஜோகன்னஸ்பர்க் போகும் முன்

டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில், குளிர்காலத்தில் உதடு வெடிக்கிற அளவுக்கு வறண்டது. இங்கே பொருத்திய மரம் அங்கே இரண்டு நாளில் சுருங்கத் தொடங்கும். திருகு தளரும், பிஸ்டல் உள்ளே நூலிழை ஆடும், கையில் ஒன்றும் தெரியாது, இலக்கு அட்டையில் மட்டும் தெரியும். ஒரு ஜூலை மாதத்தில் எனக்கு அப்படித்தான் ஆனது. இரண்டாவது தொகுதியிலிருந்து குண்டுகள் சிதறின. நான் மூச்சையும் நிற்கும் நிலையையும் மாற்றி மாற்றிப் பார்த்து முழுப் போட்டியையும் இழந்தேன். திரும்பி வந்து திருகில் கைவைத்தபோது அது கால் சுற்று இறங்கியது.

அதனால் பயணத்தில் கைப்பிடியை மூடிய பெட்டியில் வையுங்கள். காரின் பின்கண்ணாடி வெயிலில் போடாதீர்கள். போய்ச் சேர்ந்த அன்று இரவும், போட்டியன்று காலையும் திருகைச் சரிபாருங்கள். சரியான சாவியைப் பையில் வைத்திருங்கள்.

கருவிச் சோதனைக்கு முதல் ஆளாகப் போங்கள். பெட்டியில் இடித்தால் உப்புத்தாளால் அரை மி.மீ. எடுக்க நேரம் இருக்கும். சோதனை முடிந்து ஒட்டுவில்லை ஒட்டிய பிறகு கைப்பிடியில் எதையும் சேர்க்கவோ எடுக்கவோ கூடாது, வழுக்குகிறது என்று ஒரு துண்டு நாடா ஒட்டுவதுகூட. தட்டின் உயரத்தைச் சோதனைக்கு முன்பே, கை சூடான பிறகு, அந்தப் பென்சில் கோட்டில் வைத்து இறுக்கிவிடுங்கள்.